டிக் போடாத ஒரு வரி

டெல்ஃபா டிட்மோரை மாட்டிவிட்ட வரியைத் தட்டச்சு செய்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வந்து, நெல்டா இதை மறைத்துவிட்டாள் என்று சொல்ல வேண்டாம். எங்கள் ஊரில் இப்போது அடுத்தவர் குற்றத்தைத் தோண்டுவதுதான் முழுநேர வேலையாகிவிட்டது.

டெல்ஃபாவுக்கு வயது அறுபத்து மூன்று. பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ்ஸை இருபத்தெட்டு வருடமாக ஓட்டி வந்தாள், கடைசி சில வருடம் சாயங்கால ட்ரிப் மட்டும். பருத்தி ஆலையில் வேலை பார்த்த புருஷன் ராய்ஸ் நுரையீரல் கெட்டுப்போய் இறந்துவிட்டான். பிள்ளைகள் இல்லை. பெருத்த உடம்பு, ஆம்பிளை பூட்ஸ், பஸ்ஸின் கடைசி சீட்டுக்கும் எட்டுகிற குரல். ஊர் மருத்துவமனையை மூடிய வருடத்திலிருந்து அவளுடைய பழைய ப்யூக் கார் ஊருக்குப் பொதுவாகிவிட்டது. கண் ஆபரேஷனோ, பிரசவமோ, புற்றுநோயோ, எதற்கும் எழுபது மைல் தள்ளி லப்பக் நகரத்துக்குத்தான் போக வேண்டும். ஓட்ட ஆளில்லாதவர்கள் டெல்ஃபாவைக் கூப்பிடுவார்கள். ஏன், எதற்கு என்று அவள் கேட்க மாட்டாள். எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்பாள்.

கார் கதவில் இருக்கும் பையில் சுருள் கம்பி போட்ட ஒரு நோட்டு வைத்திருப்பாள். கிளம்புவதற்கு முன் தேதி, ஆளின் பெயர், போகிற இடம் மூன்றையும் அதில் எழுதுவாள். எழுதிவிட்டு, ஸ்டியரிங் மேல் கையை வைத்து, அந்தப் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணுவாள். திரும்பி வந்து ஆளை வாசலில் இறக்கி, உள்ளே கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகு, அந்த வரிக்கு நேராக 'வீடு சேர்ந்தார்' என்று எழுதி டிக் போடுவாள். டிக் போடாமல் அவள் வண்டியை எடுத்ததில்லை. இப்படி ஒன்பது நோட்டு முடிந்து பத்தாவது ஓடிக்கொண்டிருந்தது. பழைய ஒன்பதையும் இந்தப் பத்தாவதோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். எல்லாம் ஒரே கட்டு. நாங்கள் மொத்தத்தையும் நோட்டு என்றுதான் சொல்வோம்.

சட்டம் வந்தபோது எங்கள் பாப்டிஸ்ட் சபையில் எல்லோரும் கைதட்டினோம். கருக்கலைப்பைத் தடுக்கிற சட்டம். அதில் போலீஸ் வராது, அரசாங்கம் வராது. உதவி செய்தவர் மேல் யார் வேண்டுமானாலும், சம்பந்தமே இல்லாத ஆள்கூட, வழக்குப் போடலாம். ஜெயித்தால் குறைந்தது பத்தாயிரம் டாலர். அதைப் பார்த்து எங்கள் கவுண்டியும், அதாவது எங்கள் மாவட்டமும், சொந்தமாக ஒரு விதி போட்டது. எங்கள் சாலை வழியாக ஒரு பெண்ணை அந்தக் காரியத்துக்கு மாநில எல்லை தாண்டி அழைத்துப் போனாலும் அதே மாதிரி வழக்குப் போடலாம் என்று. அந்த விதி வேண்டும் என்று கையெழுத்து வாங்க முன்பே சபை வாசலில் மேசை போட்டிருந்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். டெல்ஃபாவும் போட்டாள். என் பேனாவைத்தான் வாங்கிப் போட்டாள். எங்கள் சாலையில் அடுத்தவரை ஏற்றிக்கொண்டு போவது யார் என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் சபைக்கூடத்தில் சாப்பாடு, பிறகு ஜெபக்கூட்டம். கையைத் தூக்கி அவரவர் விண்ணப்பத்தைச் சொல்வார்கள். சபை அலுவலகத்தில் எழுத்து வேலை என்னுடையது; நான் எழுதிக்கொண்டு போய், மறுநாள் ஜெபத் தாளில் அடித்து எல்லோருக்கும் அனுப்புவேன். வெளியே சொல்ல விருப்பமில்லாதவர்கள் 'சொல்லாதது' என்று மட்டும் சொல்வார்கள். பெயரும் 'சொல்லாதது' என்பதும் தாளில் வரும். எல்லோரும் அதற்காகவும் ஜெபிப்போம். டெல்ஃபாவுக்கு அந்த வழக்கமே பிடிக்காது.

"அட்ரஸ் எழுதாத கவரைப் போஸ்ட் பண்ற மாதிரி இருக்குடி" என்பாள் என்னிடம். "போற இடத்தைச் சொன்னாத்தானே கர்த்தர் கூட வருவாரு?"

போன மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை கையைத் தூக்கினாள். "நாளைக்கு கிளோவிஸ் போறேன். கூட ஒரு பொண்ணு வருது. ரொம்பப் பயந்து கெடக்கு. எங்க ரெண்டு பேருக்காகவும் ஜெபம் பண்ணிக்குங்க."

கிளோவிஸ் எல்லைக்கு அந்தப் பக்கம், நியூ மெக்சிகோ; அங்கே கருக்கலைப்புக்குத் தடை இல்லை. ஒரு பெண் பயந்துகொண்டு அங்கே எதற்குப் போவாள் என்று எங்கள் ஊரில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கூடத்தில் யாரோ இருமினார்கள். பாஸ்டர் அடுத்த கையைப் பார்த்தார். நான் எழுதிக்கொண்டேன். மறுநாள் அப்படியே அடித்தேன்: 'பிரயாணத்தில் பாதுகாப்பு: டெல்ஃபாவும் ஒரு பெண்ணும், கிளோவிஸ், வியாழன்.' பதினேழு வருடப் பழக்கத்தில் விரல்கள் அடித்துவிட்டன. நூற்று நாற்பது பேருக்குப் போனது.

வழக்குப் போட்டவர் வெல்டன் ஸ்ட்ரவுட். எங்கள் சபையின் டீக்கன், எழுபத்தாறு வயது, பருத்தி ஆலையில் மேலாளராக இருந்தவர். கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடிந்தால் எனக்கு வேலை சுலபம். கெட்டவர் இல்லை. ஜெபத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தாராம். சட்டத்துக்காகக் கையெழுத்து வாங்கியவனே கண்ணை மூடிக்கொண்டால் அது பொய்தானே என்று முடிவு செய்தாராம். அவருக்கு டெல்ஃபா மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

இதில் கொடுமை என்னவென்றால், வெல்டனின் மனைவி ஒனீட்டாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி லப்பக்கில் டயாலிசிஸ். வெல்டனுக்கு ஒரு கண் பார்வை சுத்தமாக இல்லை, நெடுஞ்சாலையில் ஓட்டக் கூடாது. ஆகவே நான்கு வருடமாக ஒனீட்டாவைக் கூட்டிப்போவது டெல்ஃபா. வழக்கு போட்ட மறுநாளும் வந்து ஹாரன் அடித்தாள். வெல்டன் மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து, காலில் போர்வையைச் சுற்றிவிட்டு, டெல்ஃபாவிடம் காப்பி ஃபிளாஸ்க்கையும் நீட்டினார். இதை ஒனீட்டாவே எனக்குச் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காத டெல்ஃபா. உன் மேல எனக்குக் கோபம் கிடையாது. சட்டம்."

"கோபமே இல்லாம ஒருத்தி மேல கேஸ் போடுவீங்களா பிரதர்? கோபத்துல போட்டிருந்தாலாவது மனுஷன்னு நெனச்சிருப்பேன். பெல்ட்ட இழுத்து மாட்டிவிடுங்க, நேரமாச்சு."

அடுத்து வந்த காகிதம்தான் ஊரையே ஆட்டியது. அந்தப் பெண் யார், டெல்ஃபாவிடம் உதவி கேட்டது யார் என்று தெரிய வேண்டும் என்று வெல்டனின் வக்கீல் கேட்டிருந்தார். சட்டப்படி அந்தப் பெண் மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் அவளுக்காகக் கேட்ட தாய் மேலோ அக்கா மேலோ போடலாம். அதற்கு டெல்ஃபாவின் நோட்டுக் கட்டு முழுவதையும் நீதிமன்றத்தில் வைக்க வேண்டும். நோட்டு இருப்பது ஊருக்கே தெரியும். பின்சீட்டில் உட்கார்ந்து அவள் எழுதுவதைப் பார்க்காதவர்கள் யார்?

அந்த வாரம் டெல்ஃபா வீட்டுக்குப் போனவர்களைச் சொன்னால் சிரிப்பு வரும், பிறகு அழுகை வரும். வங்கி மேலாளரின் மனைவி கோழியும் சீஸும் போட்ட கேசரோல் கொண்டுபோனாள். ஃபுட்பால் கோச் புகைபோட்ட இறைச்சி கொண்டுபோனார். பாஸ்டரே பீச் பழ இனிப்போடு போனார். எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். சட்டம் சரியானது, அதில் சந்தேகமில்லை, ஆனால் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துவிட முடியுமா? ஒருத்தர் குடியை நிறுத்தப் போய் வந்திருக்கிறார். ஒருத்தி புருஷனுக்குத் தெரியாமல் மனநல டாக்டரைப் பார்த்திருக்கிறாள். பாஸ்டர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது.

நானும் போனேன். பீக்கன் கொட்டை போட்டு இனிப்பு செய்து எடுத்துக்கொண்டு போனேன். என் மகன் தெற்கே இருக்கிற ஒடெஸாவில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருப்பதாக ஏழு மாதம் சபையில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சிறையில் இருந்தான். மாதம் ஒருமுறை அவனைப் பார்க்க என்னைக் கூட்டிப்போனது டெல்ஃபா.

அவள் அதை வாங்கி ஃபிரிட்ஜில் வைக்கப் போனாள். அங்கே இடமே இல்லை.

"நீயுமாடி?" என்றாள். "ரெண்டு மாசத்துக்கு நான் அடுப்பே பத்தவைக்க வேணாம். ஊர்ல இவ்ளோ நல்ல சமையல் இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

"ஏழே ஏழு வரிதான் டெல்ஃபா. கிழிச்சா என்ன?"

"உனக்குக் கிழிச்சா எல்லாருக்கும் கிழிக்கணும். எல்லாருக்கும் கிழிச்சா அட்டைதான் மிஞ்சும். அதெல்லாம் நான் பண்ணின ஜெபம்டி. கிழிக்கவும் மாட்டேன், கொளுத்தவும் மாட்டேன். கொடுக்கவும் மாட்டேன். போய்த் தூங்கு."

"அந்தப் பொண்ணுக்காக நீ ஏன் இப்படி..."

"சரியா தப்பான்னு அது என்னைக் கேட்கல. கார் வருமான்னு கேட்டுச்சு" என்றாள்.

அதற்குள் பள்ளிக்கூடத்தில் பஸ் சாவியைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். வழக்கு முடியும்வரை என்று சொன்னார்கள். எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. அவளுக்கு வரவில்லை. அவள் களைத்துப்போயிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்தில் அவளை நிறுத்தினார்கள். நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பைபிள் மேல் கைவைத்துவிட்டால் டெல்ஃபா பொய் சொல்ல மாட்டாள் என்பது எங்களுக்குத் தெரியும், எங்களுடைய பயமே அதுதான்.

"மார்ச் மாசம் அந்த வியாழக்கிழமை கிளோவிஸ் போனீங்களா?" என்று ஆரம்பித்தார் வெல்டனின் வக்கீல்.

"போனேன்."

"கூட வந்தது யார்?"

"சொல்ல மாட்டேன்."

"நோட்டு உங்க கார்ல இருக்கா?"

"நேத்து வரைக்கும் இருந்துச்சு. இப்ப இல்ல."

"எரிச்சிட்டீங்களா?"

"ஜெபத்தை யாராவது எரிப்பாங்களா தம்பி? பத்திரமா இருக்கு. ஒருத்தர் கைல கொடுத்து வெச்சிருக்கேன்."

"யார் கைல?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

நீதிபதி ப்ரூயிட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய அம்மாவின் கடைசி வருடத்தில் எல்லாப் பயணமும் டெல்ஃபாவின் காரில்தான். "டெல்ஃபா, என்னை இதைச் செய்ய வைக்காதீங்க" என்றார் மெதுவாக.

"நீங்க உங்க வேலையப் பாருங்க ஐயா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

நோட்டைக் கொடுக்கும்வரை கவுண்டிச் சிறை என்று உத்தரவானது. வெளியே கூட்டிப்போகும்போது அவள் வெல்டனைத் திரும்பிப் பார்த்து, "நாளைக்குப் புதன்கிழமை பிரதர். ஆறு மணிக்கு ஊசி மாட்டணும். ஆள் பார்த்து வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். வெல்டன் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவர் யாரையும் பார்த்து வைத்திருக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஜெபக்கூட்டத்தில் வெல்டன் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. முறை வந்தபோது கையைத் தூக்கினார். "சொல்லாதது" என்றார்.

அன்று காலை ஒனீட்டா போகவில்லை என்று எனக்குத் தெரியும். அவர்கள் வீடு என் அலுவலக ஜன்னலுக்கு நேரெதிர். கார் எதுவும் வரவில்லை. என் வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது, எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். ஒரு நாள் தவிக்கட்டும் என்று நினைத்தேன். வாயைத் திறந்து கேட்கட்டும், அப்புறம் போகலாம் என்று நினைத்தேன். நான் மட்டும் இல்லை, கூடத்தில் இருந்த நாற்பது பேரும் அதையேதான் நினைத்தோம். மறுநாள் தாளில் 'வெல்டன் ஸ்ட்ரவுட்: சொல்லாதது' என்று அடித்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை அவரே பிக்கப் வண்டியில் ஒனீட்டாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். உழுத காட்டிலிருந்து புழுதிக்காற்று கிளம்பி ரோடு தெரியவில்லை. பதினோரு மைல் போய்விட்டுத் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு இருவரும் வரவில்லை. திங்கள் காலையில் ஒனீட்டாவுக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் பக்கத்துக் கவுண்டியிலிருந்து வர ஐம்பது நிமிடம் ஆனது. லப்பக் போய்ச் சேரும்போது அவள் உயிரோடு இல்லை.

கேட்டிருந்தால் போயிருப்பேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

ஒனீட்டா டயாலிசிஸுக்குக் கொண்டுபோகிற பையில் போர்வை, கம்பளிக் காலுறை, குறுக்கெழுத்துப் புத்தகம் எல்லாம் இருந்தன. அடியில் ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக் கட்டும் இருந்தது. வெல்டன் நீதிமன்றத்தை வைத்துத் தேடிய சாமான் எட்டு நாளாக அவர் வீட்டுப் படுக்கையறையில், அவர் கையாலேயே தூக்கி வைக்கிற பையில் இருந்திருக்கிறது. நீதிமன்றத்துக்கு முதல் நாள் டெல்ஃபா கொடுத்தபோது, புருஷன் தேடுவது அதைத்தான் என்று தெரிந்தே ஒனீட்டா அதை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அடக்கத்துக்கு மறுநாள் வெல்டன் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அன்று மாலையே டெல்ஃபாவை விட்டார்கள். அழைத்து வர நான் போயிருந்தேன். சிறை வாசலில் வெல்டனும் நின்றுகொண்டிருந்தார், கையில் நோட்டுக் கட்டு. மேலே இருந்த பத்தாவது நோட்டை விரித்து நீட்டினார். கடைசிப் பக்கம். திங்கள், ஒனீட்டா, லப்பக், வீடு சேர்ந்தார், டிக். அதற்குக் கீழே செவ்வாய்க்கு முன்பே எழுதி வைத்த வரி: புதன், ஒனீட்டா, லப்பக். அதற்கு நேரே ஒன்றும் இல்லை.

"இதுல ஒரு டிக் பாக்கி இருக்கு டெல்ஃபா" என்றார். "அவ வீடு சேர்ந்துட்டா. பரலோகத்துக்குப் போயிட்டா. போட்டுடு."

டெல்ஃபா அந்த வரியை விரலால் தொட்டுப் படித்தாள்.

"நான் கொண்டுபோய்ச் சேர்க்கல" என்றாள். "போட மாட்டேன்."

"தயவு பண்ணி..."

"முன்பக்கத்தைப் படிச்சியா வெல்டன்? மார்ச் மாசத்தை?" அவள் அவரைப் பிரதர் என்று கூப்பிடாமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இல்ல. அவ பேர் இருக்கிற வரியை மட்டும்தான் பார்த்தேன். அறுநூத்துச் சொச்சம் வரி. மத்த எல்லாத்துலயும் டிக் இருக்கு."

டெல்ஃபா நோட்டை மூடி, ரப்பர் பேண்டை மாட்டி, கட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "நீயே வெச்சுக்க. நான் இனிமே எழுதப் போறதில்ல" என்று சொல்லிவிட்டு என் காரில் வந்து உட்கார்ந்தாள்.

இதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். சட்டத்தில் யார் வேண்டுமானாலும் என்று எழுதியிருப்பதை மறந்துவிட்டோம். மூன்றாவது வாரம் நானூறு மைலுக்கு அப்பாலிருந்து ஒருவர் வழக்குப் போட்டார். எங்கள் ஊரைப் பார்த்திராதவர். வெல்டன் போட்ட காகிதங்களை நீதிமன்றத்திலிருந்து வாங்கி, பெயரை மட்டும் மாற்றியிருந்தார். அதே கேள்வி, அதே நோட்டு. நோட்டு எங்கே என்று டெல்ஃபா மறுபடியும் சத்தியம் பண்ணிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுபடியும் சிறை. வெல்டன் அந்த ஆளுக்கு ஃபோன் பண்ணிக் கெஞ்சிப் பார்த்தார். எடுத்தவர் நல்ல மரியாதையாகத்தான் பேசினாராம். கோபமெல்லாம் இல்லை ஐயா, சட்டம் என்றாராம்.

அந்தப் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் இருபத்தொரு பேர் கையைத் தூக்கினார்கள். எல்லாக் கையும் 'சொல்லாதது' என்றுதான் சொன்னது. சில வாரங்களாகவே அப்படித்தான். தாளில் பெயர்களையும் அந்த ஒரே சொல்லையும் அடித்து அடித்து எனக்கு வெறுத்துவிட்டது. யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வண்டி வேண்டும், ஒன்றும் தெரியாது. டெல்ஃபா முறை வந்தது. இத்தனை வருடத்தில் ஒருநாளும் சொல்லாத அந்தச் சொல்லை அவளும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைசிக் கை வெல்டனுடையது. அவர் எழுந்து நின்றார். யாரும் எழுந்து நிற்பதில்லை.

"டெல்ஃபா டிட்மோரோட நோட்டு எங்கிட்ட இருக்கு" என்றார். "டெல்ஃபா கைல இல்ல, வேற யார் கைலயும் இல்ல. எங்கிட்ட. கேட்கிறவங்க எங்கிட்ட வந்து கேட்கட்டும். நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். எனக்காக ஜெபம் பண்ணுங்க."

ஒருவரும் இருமவில்லை. பாஸ்டர் என்னைப் பார்த்து, இதை எழுத வேண்டாம் என்கிற மாதிரி கையை லேசாக அசைத்தார். என் பேனாவும் நின்றுவிட்டது.

"எழுது நெல்டா" என்றார் வெல்டன். "அவளுக்கு எழுதின மாதிரியே எழுது. பேரு, எடம், எல்லாம். நூத்து நாப்பது பேருக்கும் போகட்டும்."

நான் டெல்ஃபாவைப் பார்த்தேன். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் ஒனீட்டா உட்காருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை தாளை அடித்தேன். இருபது 'சொல்லாதது'. அதற்குக் கீழே வெல்டனின் பெயர், அவர் சொன்னது முழுவதும். ஒரு எழுத்துகூட விடவில்லை.